எலியின் தாடையும் அக்காவின் தாடையும்

சுண்டெலியின் தாடை மூட்டு ஓர் எள்ளைவிடச் சிறியது. அதைச் சதையிலிருந்து பிரித்தெடுத்து, எலும்பு இளகும்வரை அமிலத்தில் ஊறப்போட்டு, மெழுகுக் கட்டிக்குள் பதித்து, மைக்ரோடோம் என்கிற கருவியில் வைத்து இழை இழையாகச் சீவ வேண்டும். திருச்சி வெயிலில் கத்தி படுவதற்கு முன்பே மெழுகு குழைந்துவிடும். சித்திரை, வைகாசியில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மெழுகின்மேல் ஒற்றிக்கொண்டே சீவுவேன். பெரும்பாலான சீவல்கள் சுருண்டுபோகும். தப்பியதை வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மூட்டின் மேல் படிந்திருக்கிற குருத்தெலும்பு ஊதா நிறத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை தடிமனாக இருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள். நர்ஸா என்று கேட்பார்கள். இல்லை, எலி வளர்க்கிறேன் என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன். பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அம்மாதான் எண்ணெய் வீணாய்ப் போயிற்றே என்று புலம்புவாள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் எங்களுக்கு இரண்டு அறைகள். ஒன்றில் வெள்ளைச் சுண்டெலிகள். மற்றதில் டாக்டர், நான், ஒரு மைக்ராஸ்கோப், ஓயாமல் சத்தம் போடும் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். டாக்டர் வெளிநாட்டில் மூட்டு நோய்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர். வார்டில் நோயாளிகளைப் பார்த்தது போக மீந்த நேரத்தையெல்லாம் எலிகளுக்குக் கொடுத்தார். பரம சாது. எலி கடித்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்பது போலத்தான் கையை இழுத்துக்கொள்வார். அவர் படவேண்டிய கோபத்தையும் சேர்த்து நான் பட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் லால்குடிப் பக்கத்துக்காரர்கள். அப்பா போன பிறகு நிலத்தைச் சித்தப்பாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வந்துவிட்டோம். அம்மா, அக்கா, நான். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, வாய்க்கு முன்னால் ஒரு குழலை வைத்துக்கொண்டு, போர்டில் இருக்கிற துளைகளில் கயிறுகளைச் செருகியும் பிடுங்கியும் ஊரையே பேசவைத்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்கிற எண் மெட்ராஸில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும். மண்ணச்சநல்லூர் அரிசி மண்டிக்காரர்களுக்கு அவள் குரல் பழக்கம். நீங்களாம்மா, அப்ப லைன் கிடைச்ச மாதிரிதான் என்பார்களாம். என்னைக் காலேஜில் படிக்கவைத்தது அந்தக் குரல்தான். வீட்டுக்கு வந்தும் பேசுவாள். சாப்பிடும்போது பேசுவாள், தலை பின்னும்போது பேசுவாள், தூக்கத்தில் கோயம்புத்தூருக்கு லைன் கேட்பாள். கொஞ்சம் வாயை மூடேன் என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

அந்த வருஷம் மழை விட்டதும் காய்ச்சல் வந்தது. முதலில் மெட்ராஸில் என்று கேள்விப்பட்டோம். பிறகு இங்கேயும் ஆங்காங்கே வந்தது. கொசு கடித்துப் பரவும் வைரஸ் என்றார் டாக்டர். ஜனங்கள் முடக்குக் காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும். மூட்டு வலி விடாது. காவிரியில் குளிக்கப் படியிறங்கியவர்கள் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட, ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் வாசல் தெளிக்கக் குனிந்த ஒரு மாமி நிமிர முடியாமல் அப்படியே நின்று கூப்பிட்ட கதையும் நடந்தது. எனக்கும் அம்மாவுக்கும் லேசாக வந்து போயிற்று. அக்காவை மட்டும் போட்டுப் புரட்டிவிட்டது.

அவளுக்குக் கை, கால் எல்லாம் தையோடு சரியாகிவிட்டது. தாடை மட்டும் சரியாகவில்லை. இடது காதுக்கு முன்னால் முதலில் சொடுக்குச் சத்தம் வந்தது. கொட்டாவி விட்டால் உயிர் போகிறது என்றாள். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. நாங்கள் குணமாகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம். சத்தம் நின்றது மூட்டு அசைவதை நிறுத்திக்கொண்டதால்தான் என்று பிறகு புரிந்தது. மாசி பிறந்தபோது இரண்டு விரல்கூட உள்ளே போகாத அளவுக்குத்தான் வாய் திறந்தது. பேச்சு பல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வந்தது. மெட்ராஸ்காரர்கள் என்ன, என்ன என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். ஆபீஸில் லீவு கொடுத்தார்கள். லீவு முடிந்ததும் அவர்கள் ஏற்பாடு செய்கிற டாக்டர்கள் பார்த்து, போர்டில் உட்காரத் தகுதி உண்டா இல்லையா என்று முடிவு சொல்வார்கள் என்று உத்தரவு வந்தது. அக்காவுக்கு வேறு வேலை தெரியாது. வேறு வேலையில் ஆசையும் இல்லை. அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. நொச்சி இலை ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், ஏதேதோ தைலம். எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். போகப் போகச் சரியாயிடும் என்று சொன்னவர்களை எனக்கு அடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆஸ்பத்திரியில் பல் டாக்டரிடமும் எங்கள் டாக்டரிடமும் காட்டினேன். இரண்டு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள், கெட்டியாக எதையும் மெல்ல வேண்டாம். அந்தக் காலத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அது ஒன்றுதான் அவள் கையால் செய்யக்கூடியதாக இருந்தது. பச்சரிசியைக் கூடத் தண்ணீர் வைத்துக் குழைய வேகவிட்டு, மத்தால் கடைந்து, பால் ஊற்றி, பருக்கையே தட்டாத பதத்துக்குக் கொண்டுவருவாள். விரலால் தேய்த்துப் பார்ப்பாள். ஏதாவது நெருடினால் மறுபடியும் கடைவாள். அப்படி ஒரு சோறு நான் எங்கேயும் கண்டதில்லை. அக்கா ஒரு சின்னக் கரண்டியால் பல்லிடுக்கு வழியாக உள்ளே தள்ளி, மெல்லாமலே விழுங்கிவிடுவாள்.

அப்போது டாக்டர் அந்தக் காய்ச்சலின் வைரஸை எலிகளுக்குக் கொடுத்து முழங்கால் மூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தாடையையும் பார்க்கலாமே என்று நான் கேட்டேன். தாடை மூட்டை யாரும் சட்டை பண்ணுவதில்லையே என்றார். அதனால்தான் கேட்கிறேன் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரிம்மா, பார்ப்போம் என்றார். வைரஸ் அந்த மூட்டைத் தேய்க்கிறது என்று எலியில் தெரிந்தால், எப்போது தேய்க்கிறது, எதனால் நிற்கிறது என்று தேடலாம், அதிலிருந்து அக்காவுக்கு ஒரு வழி கிடைக்கும் என்று நான் நினைத்தேன்.

மெட்ராஸிலிருந்து ரயிலில், ஐஸ் நிரப்பிய தெர்மாஸ் பிளாஸ்க்கில் சின்னக் குப்பிகள் வரும். நான் ஜங்ஷனுக்குப் போய் வாங்கி வருவேன். பிறந்து சில நாளே ஆன, மயிர்கூட முளைக்காத குட்டிகளுக்கு டாக்டர் ஊசி போடுவார். குட்டியைத் தொட்ட கையில் வேற்று வாசனை இருந்தால் தாய் எலி அதைத் தின்றுவிடும். அதனால் கூண்டில் கிடக்கும் மரத்தூளையே கையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டுதான் தொடுவேன். வைரஸ் ஏறிய குட்டிகள் ஒரு கூண்டில், வெறும் உப்புத்தண்ணீர் ஏற்றிய குட்டிகள் இன்னொரு கூண்டில். பின்னால் இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும் என்பது கணக்கு.

பால்குடி மறந்ததும் சிக்கல் வந்தது. எங்கள் எலிகளுக்குக் காய்ந்த கோதுமையும் கொண்டைக்கடலையும்தான் தீனி. வைரஸ் ஏறிய கூண்டில் பிழைத்த குட்டிகளால் அதைக் கடிக்க முடியவில்லை. எலிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும்; கடித்துத் தேய்த்தால்தான் அளவோடு நிற்கும். இவற்றுக்குப் பல் வளைந்து, வாய் மூட முடியாமல், ஒன்றொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. நான் சின்னக் கத்தரியால் பல்லை வெட்டிவிட்டேன். அப்படியும் தின்னவில்லை. காலையில் போய்க் கூண்டைத் திறக்கவே பயமாக இருக்கும். ரொட்டியைப் பாலில் நனைத்துப் போட்டோம், வயிற்றால் போயிற்று.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அம்மாவுக்கு எலி என்றாலே ஆகாது. நான் தினமும் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். தண்ணீரைக்கூட என்மேல் படாமல் எட்ட நின்று ஊற்றுவாள். அப்படிப்பட்டவள் மறுநாள் காலையில் ஒரு பழைய அலுமினியத் தூக்குவாளியைத் தேய்த்துக் கொல்லைப்படியில் வைத்திருந்தாள். அக்காவுக்கு வடித்த அதே பானையிலிருந்து, பாத்திரம் பாத்திரத்தைத் தொட்டுவிடாமல், கடைந்த சோற்றை அதில் ஊற்றினாள்.

"அக்காவுக்காக வாயைக் குடுத்துக்கிட்டு நிக்குதுங்க. பட்டினி போடக் கூடாது" என்றாள்.

டாக்டரிடம் காட்டியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எலிகள் தின்றன. பால்சோற்றை நக்கித் தின்று, சாவு நின்று, எடை ஏறியது. ஒரு கூண்டுக்கு ஒரு தீனி, மற்றதற்கு வேறு தீனி என்று வைத்தால் ஒப்பிட முடியாது என்பதால் உப்புத்தண்ணீர்க் கூண்டுக்கும் அதே சோற்றைப் போட்டோம். அதுதான் முறை. பல மாதம் நான் டவுன் பஸ்ஸில் ஒரு கையில் என் சாப்பாடும் மறு கையில் எலிச் சோறுமாகக் காவிரிப் பாலத்தைக் கடந்தேன். அம்மா ஒருநாள்கூடத் தவறவில்லை. சுரம் வந்து படுத்த அன்றும் எழுந்து கடைந்தாள். எலிகள் எப்படி இருக்கின்றன என்று தினமும் கேட்பாள். என்னை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை என்று அக்கா பல்லிடுக்கில் கேலி செய்வாள்.

முதலில் வைரஸ் ஏறிய எலிகளின் தாடையைச் சீவினேன். நல்ல சீவல் விழுந்ததும் சாயம் போட்டுப் பார்த்தேன். ஊதாப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கோடுதான் இருந்தது. சில இடங்களில் அதுவும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அவர் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய், கண்டுபிடித்துவிட்டோம் அக்கா, இது அந்த வைரஸ் செய்கிற வேலைதான் என்று சொன்னேன். அக்கா அழுதுவிட்டாள். அவள் நடிக்கிறாள் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்களாம், இனிமேல் சொல்ல முடியாது இல்லையா என்றாள்.

பிறகு உப்புத்தண்ணீர் எலிகளைச் சீவினேன். அவற்றிலும் அதே மெல்லிய கோடு. ஸ்லைடுகளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று பயந்து மறுபடியும் பார்த்தேன். மாறவில்லை. வைரஸைக் கண்ணால் பார்க்காத எலிகளுக்கும் தாடை தேய்ந்திருந்தது. டாக்டரும் ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்துப் பார்த்தார். பிறகு, குட்டி போடுவதற்காகத் தனியே வளர்க்கிற கூண்டிலிருந்து அதே வயது எலிகளை எடுத்துச் சீவச் சொன்னார். அவை கோதுமையும் கடலையும் கடித்து வளர்ந்தவை. அவற்றின் தாடையில் ஊதாப் பட்டை நன்றாக, தடிமனாக இருந்தது.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் தோன்றுகிறது. மெல்ல வேண்டிய மூட்டுக்கு மெல்லுகிற வேலையே கொடுக்காவிட்டால் அது மெலிந்துபோகிறது. காய்ச்சல் தேய்த்ததா, அம்மாவின் சோறு தேய்த்ததா என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்து கிடந்தன. அப்படியானால் வைரஸ் ஏற்றிய எலிகளுக்குக் கடலை கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். சொல்லும்போதே தெரியும், கடலையைக் கடிக்க முடியாமல் அவை செத்துக்கொண்டிருந்ததால்தான் சோற்றுக்கே மாறினோம். டாக்டர் அதை எனக்கு நினைவுபடுத்தவில்லை. அவர் சொன்னது வேறு.

"காய்ச்சலா, சோறான்னு இதை வச்சு நம்மளால சொல்ல முடியாதும்மா. வளர்ற எலி வேற, உங்க அக்கா வேற."

அப்படியானால் அக்கா மெல்லலாமா என்று கேட்டேன். மூட்டில் இன்னும் வீக்கம் இருந்தால் மெல்லுவது அதைக் கெடுத்துவிடலாம், வீக்கம் போயிருந்தால் மெல்லாதது கெடுத்துவிடலாம் என்றார். வீக்கம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்றேன். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னால் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அதற்குள் ஊரில் காய்ச்சலும் அடங்கிவிட்டிருந்தது. மெட்ராஸிலிருந்து குப்பி வருவது நின்றது. கேட்டதற்கு, இனி தேவை இல்லை என்று பதில் வந்தது.

அக்காவைக் கொள்ளிடக் கரைக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க எனக்கு மனசில்லை. அது அவளுடைய தாடை. அவள் மணலைக் காலால் கீறிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நான் மெல்லணுமா, மெல்லக் கூடாதா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லேன்."

"தெரியலக்கா."

"இத்தனை எலியைக் கொன்னும் தெரியலையா?"

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். திரும்பி வரும்போது, அம்மாகிட்ட சொல்லிடாதே, அம்மா தாங்காது என்று மட்டும் சொன்னாள்.

மெல்லுவது என்று அவளே முடிவு செய்தாள். கொப்பரைத் தேங்காயைச் சன்னமாகச் சீவிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்புவாள். வெளிப் பிராகாரத்தில் ஒரு தூணின் பின்னால் உட்கார்ந்து, வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழியும், மெல்லுவதை நிறுத்தமாட்டாள். பார்க்கிறவர்கள் பெருமாளை நினைத்து உருகுகிறாள் என்று எண்ணிக்கொண்டு போவார்கள். சில நாள் வாய் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தது போலிருக்கும். மறுநாள் பழையபடி ஆகிவிடும். ஒரு நாள் கன்னம் வீங்கிவிட்டது. அம்மா பதறிப்போய், சோற்றில் ஏதோ நெருடியிருக்கிறது, நான்தான் சரியாகக் கடையவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அரிசியை ஊறவைத்து அம்மியில் அரைத்துக் காய்ச்ச ஆரம்பித்தாள்.

ஆபீஸ் டாக்டர்கள் பார்க்கிற நாள் வந்தது. நானும் கூடப் போனேன். ஸ்லைடுகளைக் கொண்டுவரட்டுமா என்று முன்பு ஒரு காலத்தில் அக்காவிடம் கேட்டிருந்தேன். இப்போது அவற்றை வைத்து என்ன சொல்வது? கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு டாக்டர் எண்களைச் சொல்லச் சொன்னது வெளியே கேட்டது. அக்கா சொன்னாள். எனக்குப் புரிந்தது, ஏனென்றால் எனக்கு அவள் பேச்சு பழகியிருந்தது. அந்த டாக்டர் மறுபடியும் சொல்லச் சொன்னார். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். அப்புறம் அவர் கேட்கவில்லை. போர்டுக்குத் தகுதி இல்லை, காகிதம் அடுக்குகிற வேலை கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. மரியாதையாகத்தான் சொன்னார்கள். பஸ்ஸில் மலைக்கோட்டையைத் தாண்டும்வரை அக்கா வாயே திறக்கவில்லை. கொஞ்சம் பேசேன் என்று முதல் தடவையாக நான் கெஞ்சினேன்.

எலிக் கூண்டுகளைக் காலி செய்த அன்று தூக்குவாளியை வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லைப்படியில் வைத்தேன். இனிமேல் எலிகளுக்குச் சோறு வேண்டாம், வேலை முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அக்கா சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அம்மா தட்டில் கஞ்சிப் பதத்துச் சோற்றைப் போட்டு, விரலால் தேய்த்துத் தேய்த்து நெருடலைத் தேடிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமல் கேட்டாள்.

"ஏண்டி, என் சோறு அதுங்களுக்கு ஒத்துக்கிச்சா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஒத்துக்கிச்சும்மா" என்றேன். "எல்லாம் நல்லா சாப்பிட்டுச்சுங்க."

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்து நாளாகியிருந்தது. இன்னும் கொஞ்சம் பாலை ஊற்றிக் குழைத்து, அக்காவின் வாய் திறக்கிற அளவுக்குக் கரண்டியில் துளி எடுத்து நீட்டினாள். அக்கா வாங்கி விழுங்கினாள்.